பஸ்ஸில் ‘அம்மா’, வீட்டில் ‘உம்மா’

போய் வந்து பத்து நாளாகிறது. இன்றுதான் எழுத முடிகிறது. சமாதானக் கற்கை டிப்ளோமாவுக்காக ஒரு சனிக்கிழமை கண்டியில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தலைப்பு: நவீன காலத்தில் சமாதானக் கோட்பாடுகள் வளர்ந்த விதம். மாமிக்குக் காய்ச்சல். அதனால் நான்கு வயது மகள் ஹனாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கலகெதரையில் காலை 7.10 பஸ். கண்டிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். ஒரு மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு ஒன்றேகால் ஆனது. மடியில் மகள், மகளின் மேல் என் குறிப்புகள். முதலில் சமாதானம் என்பது அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையாக இருந்தது. போர் நின்றால் போதாது, பாகுபாடும் பசியும் நீங்க வேண்டும் என்றார்கள் பின்வந்தவர்கள். அண்மைக்காலத்தவர்களோ, பஸ்ஸிலும் சந்தையிலும் சாதாரண சனங்கள் உரசிக்கொள்ளாமல் இருக்கச் செய்யும் சின்னச் சின்னச் சமாளிப்புகளையும் சமாதானம் என்கிறார்கள்.

இந்தக் கடைசிக் கருத்துக்கு என்னிடம் வீட்டு உதாரணமே இருந்தது. எங்கள் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த காலத்துப் பயம் எனக்கு இன்னும் விடவில்லை. வெளியில் ‘உம்மா’ வேண்டாம், சிங்களப் பிள்ளைகளைப் போல ‘அம்மா’ என்றே கூப்பிடு என்று ஹனாவைப் பழக்கியிருக்கிறேன். “தலையில முக்காட்டப் போட்டுக்கிட்டு இந்த நாடகம் என்னத்துக்கு?” என்று கணவர் சிரிப்பார். பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

கண்டி பஸ் நிலையத்தில் தண்ணீர்ப் போத்தல் வாங்க ஒரு நொடி கையை விட்டேன். திரும்பினால் மகள் இல்லை. “ஹனா! ஹனா!” ஹோர்ன் சத்தமும் நடத்துநர்களின் கூவலும் என் குரலை விழுங்கின. எங்கோ ஒரு பிள்ளை ‘அம்மா, அம்மா’ என்று அழுதது. யாருடைய பிள்ளையோ என்று நான் மறுபக்கம் ஓடினேன்.

பிறகு, “உம்மா!” என்று ஒரு வீறிடல். கால்கள் தாமாகத் திரும்பின.

கடலை விற்கும் சிங்களப் பெண் ஒருவர் அவளைப் பிடித்து வைத்திருந்தார். “எவ்வளவு நேரம் கூப்புடுது நோனா! காது இல்லையா?”

“அம்மாண்டுதான் கூப்பிட்டேன்,” என்றாள் ஹனா விக்கலுக்கிடையில். “நீங்க பாக்கவே இல்ல.”

பேச்சில் அந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

பிள்ளைகளோடு கண்டிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைக் காலையைத் தவிருங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் நம்பரை எழுதிப் போடுங்கள்.

திரும்பும் 2.30 பஸ்ஸில் ஹனா என் காதோடு கேட்டாள்: “இப்ப எப்படிக் கூப்பிடணும்?”

“உம்மாண்டே கூப்பிடுங்க, மகள்.”

சொல்லிவிட்டு, முன் இருக்கையில் யாரும் திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.