ஐம்பத்தைந்து முடிந்து மூன்று மாதம்

கர்ப்பப்பையை எடுத்த பிறகு நான் குழந்தை ஆசையை விட்டிருந்தேன். மணப்பாறையில் வாழ்ந்த என் சித்தி மகள்தான், "நான் சுமந்து தர்றேன்க்கா" என்று தானாகவே சொன்னாள். இரண்டு பிள்ளைகளின் தாய். வயது முப்பத்து மூன்று. தாமதமாகத் திருமணம் செய்த என் கணவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு. திருச்சி மருத்துவமனை ஒன்றில் எங்கள் கருக்களை உறையவைத்தோம்.

அடுத்த மாதமே வாடகைத்தாய் சட்டம் அமலுக்கு வந்தது. "இனி அரசாங்கச் சான்றிதழ் இல்லாம நாங்க எதுவும் செய்ய முடியாதும்மா" என்றார் டாக்டர். சட்டம் வந்துவிட்டது, ஆனால் சான்றிதழ் தரவேண்டிய குழு இன்னும் அமையவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம் போய், பஸ் மாறி, சான்றிதழ் கேட்டு அரசு அலுவலகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தேன். கடைசியில் ஒரு அதிகாரி மனுவை வாங்கிப் புரட்டினார்.

"ஆம்பளைக்கு அம்பத்தஞ்சு வரைக்கும்தாங்க. சாருக்கு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே."

"காக்க வச்சது நீங்கதானே?"

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. ஆனா சட்டத்துல இருக்கறதத்தான் நான் பார்க்க முடியும்."

எம்.பி.யைப் போய்ப் பார்த்தோம். உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "வியாபாரமா நடக்கறத நிறுத்தத்தான் இதக் கொண்டுவந்தோம். நடுவுல மாட்டிக்கிட்டவங்கள அன்னிக்கு யாரும் யோசிக்கலம்மா" என்றார். திருத்தம் கேட்பதாகச் சொன்னார். திருத்தம் எதுவும் வரவில்லை.

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டோம். இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருப்பதால் அந்தத் தீர்ப்பு வரட்டும் என்று தள்ளிவைத்தார்கள். தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் நாங்கள் வயதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். அவருடைய பிறந்தநாளுக்குப் பாயசம் வைப்பதும் நின்றது.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. சட்டத்துக்கு முன்பே கருக்களை உறையவைத்தவர்களை அந்த வயது வரம்பு கட்டுப்படுத்தாது என்றார்கள். உடனே மணப்பாறைக்கு போன் செய்தேன்.

"அக்கா, எனக்கு முப்பத்தேழு ஆயிடுச்சே."

சுமப்பவளுக்கு முப்பத்தைந்துதான் எல்லை. தீர்ப்பு பெற்றோர் வயதைப் பற்றி மட்டுமே பேசியது. வக்கீல் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "காசு வாங்காம சுமக்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

அன்று மாலையே அவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் என்ன தவறு செய்தாள்? சமையலறையில் நின்றபடியே இருவரும் அழுதோம். கோபப்படுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காததுதான் என்னை வாட்டியது.