டயருக்கு விட்ட இடம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் இருபத்தோரு புள்ளிக் கோலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்!

ஓசூரில் எங்கள் லைன் வீட்டுச் சந்தில், தினமும் என் கோலத்தின்மேல் பைக் டயர் தடம். கடைசி வீட்டு ஒடிசாக்காரர் வேலைதான். ஒருநாள் காலையில் அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது, வீட்டு ஓனரோடு போய் மறித்தேன்.

"அந்தப் பக்கம் அவ்ளோ எடம் கெடக்குது, என் கோலந்தான் கெடைச்சுதா? ஓனரே, இந்தாளக் காலி பண்ணச் சொல்லுங்க!"

"இன்னைக்கே காலி பண்ணுப்பா" என்றார் ஓனர்.

ஒடிசாக்காரர் முகம் வாடிவிட்டது. பதிலுக்குக் கத்துவார் என்று பார்த்தேன்; மெதுவாகத்தான் பேசினார்.

"அம்மா, அந்தப் பக்கம் மேடு. இன்ஜின் போட்டாத்தான் வண்டி ஏறும். உங்க வீட்டுப் பாப்பா தூங்குது. அதான் ஆஃப் பண்ணி, இந்தப் பக்கம் தள்ளிட்டு வரேன்."

என் பேத்தி விடியலில் அசந்து தூங்கியதெல்லாம் இவரால்தானா!

"ஓனரே, நீங்க கெளம்புங்க. இது எங்களுக்குள்ள."

"கூப்பிட்டதே நீதான ஆயா!"

இப்போது கோலத்தின் நடுவே டயர் அகலத்துக்கு இடம் விட்டுப் போடுகிறேன். சந்தே பார்த்துச் சிரிக்கிறது. முதல் நாளே அவரிடம் 'ஏன்' என்று கேட்டிருந்தால் போதும். இத்தனை வயசில் அது தோன்றவில்லையே என்று எனக்கும் சிரிப்புத்தான்.