செக்ரோலில் இல்லாத ஆட்டக்காரன்

ராமையா கிராணிக்கு வயிற்றெரிச்சல் எந்த நாளில் பற்றிக்கொண்டது என்று கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1940ஆம் வருஷம், தைப்பூசம் கழிந்த ஞாயிறு. மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்கு நாலு மைல் தள்ளியிருந்த அந்த ரப்பர் எஸ்டேட்டின் திடலில் அன்று கிரிக்கெட் ஆட்டம். ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வெள்ளைக் கால்சட்டை போட்டு ஆடுகிறவர், சொந்த மட்டை வைத்திருப்பவர் எல்லாம் ராமையா ஒருவர்தான். எஸ்டேட் ஆபீஸில் அவர் கணக்கெழுதும் கிராணி; திடலில் கேப்டன். அன்று அவர் எடுத்தது நாலு ரன். ஆள் குறைகிறதே என்று கடைசியில் இறக்கிவிட்ட பத்துமலை எடுத்தது நாற்பத்துமூன்று.

பத்துமலை காண்டிராக்ட் கும்பலில் லாலாங் புல் வெட்டுகிறவன். நீளக் கத்தியைத் தரையோடு தரையாக வீசிப் பழகிய கை, மட்டையையும் அப்படியே வீசியது. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். ஆறு வருஷம் கேப்டனாக இருந்த ராமையாவுக்கு அந்தத் துரை ஒருநாளும் எழுந்ததில்லை.

மறு வருஷம் எஸ்டேட்டுகளும் ஈயச் சுரங்கங்களும் சேர்ந்து ஒரு கோப்பைப் பந்தயம் வைத்தபோது ராமையாவுக்கு வழி கிடைத்தது. ஆடுகிறவன் பெயர் அந்தந்த எஸ்டேட்டின் செக்ரோலில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி. செக்ரோல் என்பது வேலையாட்களின் பேரேடு. காலையில் பெரட்டு நிற்கும்போது அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார்கள். அது ராமையாவின் கையில் இருந்தது. பத்துமலை காண்டிராக்டரின் ஆள். அதில் அவன் பெயர் இல்லை.

"ரோல்ல பேர் இருக்கணும். இருக்கிறவன்தான் ஆடணும். ரூல் அதுதான்" என்று சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்ன கையோடு, சுங்கை சிப்புட் பஸ்ஸில் கிளீனராக இருந்த சீனியை ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டுகிறவன் என்று மூன்று மாதம் முன்தேதியிட்டு எழுதிக்கொண்டார். சீனி நல்ல பையன். சுமாராகப் பந்து போடுவான், மட்டை பிடிக்கத் தெரியாது. ராமையாவுக்குப் பிடித்ததே அதுதான். வந்த உற்சாகத்தில் தன் பழைய மட்டையையே அவனுக்குக் கொடுத்தார்.

கோப்பெங் சுரங்க டீமிடம் இரண்டு ரன்னில் தோற்றார்கள். கடைசி ஆளாக இறங்கிய சீனி ரன் அவுட். இரண்டு மாதம் கழித்து ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான். துரை போய்விட்டார், கோப்பையும் எங்கோ போய்விட்டது. வழக்கு மட்டும் தீரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பெரட்டு மரத்தடியில் கூடினால் அதே பேச்சுதான்.

"சீனி கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ள இருந்தான். அந்த அம்பயருக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு" என்பார் ராமையா.

"ஒரு சாணா? போன மாசம் நாலு வெரக்கடைன்னீங்க" என்பான் பால் ஸ்டோரில் வேலை செய்கிற இராமசாமி. "இன்னும் ரெண்டு வருசம் போனா சீனி அன்னிக்கு வீட்டுலேயே உக்காந்திருந்தான்னு சொல்லுவீங்க போலிருக்கு."

"என்னைக் கேக்காதீங்க லா. நான் கண்ண மூடிக்கிட்டு ஓடுனேன்" என்பான் சீனி.

செல்லாயிதான் கடைசியில் போட்டு உடைப்பாள். புல்வெட்டுக் கும்பலில் பத்துமலையோடு வேலை செய்தவள். "அம்பயர் கெடக்கட்டும். பத்துமலை எறங்கியிருந்தா ஆட்டம் கடைசி ஆளு வரைக்கும் ஏன் போவுது?"

ராமையாவுக்கு அந்த ஒரு கேள்விதான் நெஞ்செரிச்சல். அம்பயர் தப்பென்றால் ஆட்டம் அம்பயரால் போயிற்று. அம்பயர் சரியென்றால் ஆள் எடுத்தவரால் போயிற்று. ஆகவே சீனி கோட்டுக்குள் இருந்தே தீர வேண்டும். பத்துமலை ஒரு ஓரமாக உட்கார்ந்து, மரத்தில் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றிப் பந்து செய்துகொண்டிருப்பான். அந்த ஆட்டத்தில் தண்ணீர் வாளி தூக்கியவன் அவன். ஆனாலும் இந்தப் பேச்சில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த மௌனமும் ராமையாவுக்குத் திமிராகத்தான் பட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி ரேஷனும் செக்ரோல்படிதான். பஸ் நின்றுபோன சீனி, ரோலில் பெயர் இருக்கிறதே என்று லயத்துக்கே குடிவந்துவிட்டான். பத்துமலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"எம் பேரையும் எழுதிக்கிட்டா நல்லாருக்கும் ஐயா."

"பொய் ரோல் எழுதச் சொல்றியா? ரூல் ரூல்தான்."

பத்துமலை போய் ஓடைக்கரையில் மரவள்ளி நட்டான். அவன் மனைவி முத்தம்மா களை பிடுங்கினாள். அரைப்படி அரிசி வாங்கியவர்களே ஆறு மாதத்தில் கிழங்குக்காக அவன் கொல்லைக்குப் போனார்கள். பிரசவத்துக்கு இந்தியாவுக்குப் போன ராமையாவின் மனைவி, கப்பல் நின்றதில் அங்கேயே இருந்தாள். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஓடைக்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் சிரிக்கிற சத்தம் ஆபீஸ் ஜன்னல் வரை கேட்கும். அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

1943 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை ஜப்பான் ஆபீசர் வந்தான். சயாமில் தண்டவாளம் போடுகிற வேலை, மூன்றே மாதம் என்றான். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அப்படி மூன்று மாதத்துக்குப் போனவர்கள் எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. கடுதாசியும் இல்லை. ஆபீசர் செக்ரோலைத் தானே வாங்கி, முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண்கள் பெயருக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டான். பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது, சீனி. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும்.

அன்று சாயங்காலம் மரத்தடியில் அம்பயர் பேச்சு எழவில்லை.

"சீனி நம்ம எஸ்டேட் ஆளே இல்லைன்னு சொல்லிருங்க கிராணி ஐயா" என்றாள் செல்லாயி. "அதுதானே நெசம்."

"நெசந்தான். எழுதுனது யாருன்னு கேப்பானே" என்றான் இராமசாமி.

பொய் ரோல் எழுதிய ஒரு கிராணியை இரண்டு நாள் வெயிலில் முட்டி போட வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ராமையா எழுந்து போனார். சீனி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் முத்தம்மா ஒரு கூடை மரவள்ளியைக் கொண்டுவந்து ஆபீஸ் படியில் வைத்தாள்.

"எதுக்கும்மா இது?"

"அரிசிக்குப் பேரு எழுதலைன்னு ஒங்கள மனசாரத் திட்டுனேன் ஐயா. இப்பிடி வரும்னு தெரிஞ்சுதான் எழுதாம வச்சிருந்திருக்கீங்க. பேரு இருந்திருந்தா எங்க வீட்டு ஆளும் நாளைக்கு லாரியில. படிச்சவங்க படிச்சவங்கதான்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ராமையா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். கெடுக்க வேண்டும் என்று போட்ட பந்திலும் பத்துமலை ரன் எடுத்துவிட்டான். அவர் தன் கையாலேயே ரோலில் எழுதிச் சேர்த்த சீனிதான் அவுட்.

செக்ரோல் மேசைமேல் இருந்தது. சீனி பெயரைச் சுரண்டிவிட்டுப் பத்துமலை என்று எழுத அரை நிமிஷம் போதும். அந்த வரியில் யார் பெயர் நியாயமாக இருக்க வேண்டும் என்று செல்லாயி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தாள். பேனாவை மையில் தொட்டார். மை காய்கிற வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தார். நல்ல மனசு என்று சொல்வதற்கில்லை. பல வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி அவரைக் கும்பிட்டிருக்கிறாள். அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெரட்டில் ஆபீசர் பன்னிரண்டாவது பெயரைக் கூப்பிட்டபோது ராமையா ஓர் அடி முன்னால் வந்தார். உடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளனிடம் மலாயில் சொன்னார்: இவன் எஸ்டேட் ஆள் இல்லை, பந்து விளையாட நான்தான் பொய்யாக எழுதினேன்.

ஆபீசர் கேட்டு முடித்து, ராமையாவின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். கண்ணாடி தெறித்தது. பிறகு ரோலில் விரலை வைத்து ஏதோ சொன்னான்.

"பேர் இருக்கிறது. இருக்கிறவன் போக வேண்டும். அதுதான் ரூல்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

சீனி கண்ணாடியைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தான். "அடி பலமா ஐயா? வாரேன்" என்றான். அவர் ஏதாவது சொல்வதற்குள் லாரிப் பக்கம் போய்விட்டான். ஏறுவதற்கு முன், கக்கத்தில் வைத்திருந்த மட்டையைப் பத்துமலையிடம் நீட்டினான்.

"வச்சிரு மச்சான். வந்து வாங்கிக்கிறேன்."

அது ராமையாவின் மட்டை. கைப்பிடியில் அவர் பெயரின் முதலெழுத்து இன்னும் இருந்தது. லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது, பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள், கன்னம் பழுத்திருக்கிறது. அவர் கண் என்னவோ அந்த மட்டை போய்ச் சேர்ந்த கையின்மேல்தான் இருந்தது. என்ன ஜென்மம் நான் என்று அவருக்கே தோன்றியது. தோன்றியும் எரிச்சல் அடங்கவில்லை.

ஞாயிறன்று மரத்தடியில் யாரும் பேச்செடுக்கவில்லை. ராமையாவே எடுத்தார்.

"சீனி அவுட்டுதான். அம்பயர் சொன்னது சரி. பத்துமலையத்தான் நான் எறக்கியிருக்கணும்."

இராமசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். பந்து சுற்றிக்கொண்டிருந்த பத்துமலை நிமிர்ந்தான்.

"இல்லீங்க ஐயா. தண்ணி வாளியோட கோட்டுக்கு நேரா நின்னவன் நாந்தான். சீனி உள்ள வந்துட்டான். அவுட் இல்ல."

"ரெண்டு வருசமா ஏண்டா சொல்லல?"

"என் எடத்துல எறங்குனவன்தானே, அவுட்டாவே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

ராமையா அவனையே பார்த்தார். தன் வயிற்றில் எரிந்த அதே நெருப்புதான் ஓடைக்கரையிலும் எரிந்திருக்கிறது. ஆனால் அதை நாலு பேர் நடுவில் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டானே, தனக்கு அதற்கு இரண்டு அறை வாங்க வேண்டியிருந்ததே என்று அங்கேயும் ஒரு பொறி சுள்ளென்று சுட்டது.

"மட்டைய வெயில்ல வைக்காத, வெடிச்சுரும்" என்றார். "எண்ணெ போட்டு வையி."

"எண்ணெய்க்கு எங்கய்யா போறது?"

"என் ரேஷன்ல கொஞ்சம் கெடக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்க. அவன் வந்தா நல்லபடியாக் குடுக்கணும்."