சூடு தெரிந்த பித்தளை

தொண்ணூறுகளின் கடைசியில், துபாயில் கட்டட வேலை பார்த்த என் மச்சான் லீவில் வந்தபோது ஒரு குளியல் குழாய் கொண்டுவந்தான். கீசர் தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் அதுவே கலந்து, நாம் வைத்த சூட்டிலேயே ஷவரில் விடுமாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் நான். கரண்ட் இல்லாத ஒரு பித்தளைத் துண்டுக்குச் சூடு எப்படித் தெரியும் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

ஆனால் எங்களுக்கு அது வேடிக்கைப் பொருள் இல்லை. பக்கவாதம் வந்து நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இடப்பக்கம் மரத்துப்போயிருந்தது. ஒருநாள் கொதிதண்ணீர் விழும் இடத்தில் இடது காலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். தோல் வழன்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உணர்ச்சியுள்ள கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, சுடுதண்ணீர் பைப்பை நான் வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தேன். பயம் போகவில்லை. எட்டு மாதமாக அம்மாதான் விளாவி ஊற்றினாள். கதவு திறந்தே இருக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தனியாகக் குளிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். பெட்டியிலிருந்த தாளில் எழுத்து அரபி. படத்தையாவது பார்த்திருக்கலாம். லேத் ஓட்டுகிறவனுக்குக் குழாய் மாட்டத் தெரியாதா என்ற திமிர்.

முதலில் என் கையை நீட்டினேன். பச்சைத் தண்ணீர். சூட்டைக் கூட்டினேன், அப்போதும் பச்சைத் தண்ணீர். அலுத்துப்போய்க் குறைத்தேன். கொதிதண்ணீர் கொட்டிக் கை சிவந்துவிட்டது. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நைனா, "எனுக்கு இதெல்லாம் வோணாண்டா" என்று சொல்லித் திரும்பி நடந்தார். எனக்கு அழுகையே வந்தது.

கழற்றினேன். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பித்தளைக் குப்பி, அதில் ஓர் ஊசி. வெந்நீரில் போட்டேன், ஊசி மெல்ல வெளியே நீண்டது. ஆறிய தண்ணீரில் போட்டு அமுக்கினால் உள்ளே போனது. குப்பிக்குள் மெழுகுதான் இருக்க வேண்டும், அது சூட்டில் உப்புகிறது! ஐந்தாறு தடவை செய்து பார்த்தும் ஆசை தீரவில்லை.

"டீ போடுற பாத்திரத்துல இன்னாடா வேக வச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா.

"இதுக்கு மூளைம்மா இது" என்றேன். சொல்லும்போதே உறைத்தது. சூடு ஏறினால் இந்த ஊசி தள்ளி ஒரு வழியை அடைக்கும். எப்போதும் இடப்பக்க வழியைத்தான். சுடுதண்ணீர் வரவேண்டிய அந்த வழியில் எங்கள் வீட்டில் வந்தது பச்சைத் தண்ணீர். குளிர்ந்தால் ஊசி அதையே திறந்துவிட்டிருக்கிறது, சுட்டால் அதையே அடைத்திருக்கிறது. நைனாவுக்காக நான் கரிசனத்தோடு பைப்பை மாற்றியதுதான் என் கையைச் சுட்டிருக்கிறது.

பைப்புகளை மறுபடி இடம் மாற்றினேன். அரைமணி நேரம் நானே நின்று, குமிழைத் திருகித் திருகிக் குளித்தேன். பிறகு நைனாவைக் கூப்பிட்டேன். வலது கையை நீட்டினார், எடுத்தார், மறுபடி நீட்டினார். என்னை வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

கால்மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் தட்டினாள்.

"இன்னாங்க, நல்லாத்தான கீறீங்க?"

"கீறேன், கீறேன். நீ போ அந்தாண்ட."

அன்றுவரை அந்த எட்டு மாதத்தில் அவர் எங்களில் யாரையும் போகச் சொன்னதில்லை. அம்மா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, அங்கேயே நின்றாள்.