அம்மா வைச்ச அருவதா

நான் வேலை செய்யிற வீட்டுக்காரி, சிஞ்ஞோரா எண்டுதான் கூப்பிடுறது, டொக்டரிட்டைப் போகேக்கை ஒரு சின்னக் கொப்பு அருவதாவைச் சட்டைக்குள்ளை செருகிக்கொண்டுதான் வெளிக்கிடுவா. கண்ணூறு படாதாம். இஞ்சை இத்தாலியிலை அதுக்குப் பேர் ரூத்தா. எங்கடை ஆக்கள் அதைக் குழந்தையளுக்கெல்லோ பாவிக்கிறது. தடிமன் பிடிச்சால் ரெண்டு இலையைக் குளிக்கிற தண்ணிக்கை போட்டுக் காய்ச்சுவினம். எனக்கும் அம்மா அப்பிடித்தான் வாத்தவ. சிஞ்ஞோராவின்ரை பல்கனியிலை அந்தச் செடியை வைச்சதும் அம்மாதான். பலெர்மோவிலை, லிபெர்த்தா றோட்டிலை உள்ள அந்த வீட்டிலை பதினொரு வருசம் வேலை செய்தவ. போன யூலையிலை செத்துப்போனா. இப்ப அந்த வேலைக்கு நான் போறன்.

செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். துடக்கோடை தொட்டால் அருவதா பட்டுப்போகும் எண்டு ஊரிலை எல்லாரும் சொல்லுவினம். மாதத்திலை அந்த மூண்டு நாளும் அம்மாவே அதுக்குக் கிட்டப் போகமாட்டா. யாழ்ப்பாணத்திலை இருந்து பெரியம்மாவும் போன் எடுத்து, "பிள்ளை, முப்பத்தொண்டு முடியுமட்டும் அதிலை கை வைச்சிடாதை. கொம்மா ஆசையா வைச்சது" எண்டா. நான் தண்ணியும் விடேல்லை. குசினி யன்னலாலை பார்த்துக்கொண்டு நிப்பன். தெற்காலை வந்த சூட்டுக் காத்திலை இலையெல்லாம் வைக்கோல் மாதிரிப் போச்சுது. தொட்டாலும் செத்துப்போம், தொடாட்டிலும் செத்துப்போம். அம்மா ரெண்டாந்தரம் சாகிற மாதிரி இருந்தது எனக்கு.

பதினெட்டாம் நாள் சிஞ்ஞோரா பொல்லை ஊண்டிக்கொண்டு பல்கனிக்கு வந்தா. "ஏன் இதுக்குத் தண்ணி விடேல்லை?"

துடக்குக்கு இத்தாலியனிலை என்ன சொல்லுறது? "நான் ஊத்தை, சிஞ்ஞோரா" எண்டு சொல்லிப்போட்டன். அவ என்ரை ரெண்டு கையையும் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தா. பிறகு உள்ளுக்குப் போய்த் தன்ரை ரோசாப்பூச் சவுக்காரத்தைக் கொண்டுவந்து தந்தா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கையிலை இல்லை, சிஞ்ஞோரா. அம்மா செத்ததாலை. முப்பத்தொரு நாள் தொடக்கூடாது. தொட்டால் செடி செத்துப்போம்."

"ஆர் சொன்னது?"

"எங்கடை ஆக்கள்."

"உங்கடை ஆக்கள் ஓகஸ்ட் மாத வெய்யிலுக்கை பலெர்மோவிலை இருந்து பார்த்தவையோ?" எண்டிட்டுப் பூவாளியை எடுத்தா. "சரி, நீ தொடாதை. நான் விடுறன்."

அதை நிரப்பினா, ஆனால் தூக்க ஏலேல்லை. அவவின்ரை விரலெல்லாம் வாதத்திலை கோணிப்போனது. வாளி வழுகப் பார்த்தது. நான் என்னை அறியாமலே அடியிலை கையைக் குடுத்திட்டன். அவ பிடியைப் பிடிச்சா, நான் பாரத்தைத் தாங்கினன். "நீ வாளியைத்தான் தொட்டனி" எண்டு கண்ணைச் சிமிட்டினா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு காலமையும் ரெண்டு பேரும் அப்பிடித்தான்.

முப்பதாம் நாள் தண்ணி விடேக்கை பெரியம்மா வீடியோவிலை வந்தா. போனைச் செடிப்பக்கம் பிடிச்சன். மேலை எல்லாம் காஞ்சுதான் போச்சுது. அடித்தண்டிலை மட்டும் மூண்டு பச்சை முளை.

"ஆரடி தண்ணி விட்டது?"

"சிஞ்ஞோராதான், பெரியம்மா."

"பார்த்தியே! நீ தொடாமல் விட்டபடியாத்தான் தப்பிச்சுது."

"ஓம், பெரியம்மா."

சிஞ்ஞோரா அவ என்ன சொல்லுறா எண்டு கேட்டா. உங்களுக்கு நன்றி சொல்லுறா எண்டன். போன் பிடிச்ச கை பெரியம்மாவின்ரை முகத்தோடை மேலை நிண்டது. மற்றக் கை வாளிக்குக் கீழை, தண்ணி வழிஞ்சு நனைஞ்சுபோய் இருந்தது. அதைப் பெரியம்மாவுக்கு நான் காட்டேல்லை.