தையல் இல்லாத வயிறு

நர்சிங் உதவியாளராக இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மருந்து கொடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது, மருந்து கசந்தால் திட்டு மட்டும் நமக்குத்தான்.

எழுபதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் ஆண்கள் வார்டு எனக்கு. நான் சொல்லப்போவது ஓர் ஆடிக்கிருத்திகை நாள். அன்று காலை இருந்தவர்கள்: டாக்டர் ஒருவர், ஹெட் சிஸ்டர் ஒருவர், சமையலறையில் ஒருவர், வாசலில் வாட்ச்மேன் ஒருவர், வார்டில் நான், கட்டில்களில் பன்னிரண்டு நோயாளிகள். மேலதிகாரி ஒருவர் அன்று பார்வையிட வருவதாக இருந்தது. என் வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைச் சட்டை

இரண்டாம் கட்டிலில் ஒரு திருவாலங்காட்டு விவசாயி. காலில் ஆணி குத்திச் சீழ் வைத்து வந்தவர். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை கொடு என்றார். அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும் என்றேன். சரி, ஊசியை மெதுவாகவாவது போடு என்றார். அது சிஸ்டர் போடுவது என்றேன். அப்படியானால் நீ என்னதான் செய்வாய் என்று கேட்டார்.

காய்ச்சல் பார்ப்பேன், உடம்பு துடைப்பேன், படுக்கை மாற்றுவேன், காலையில் தலை எண்ணி சிஸ்டரிடம் சொல்வேன் என்று வரிசையாகச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ணறதுக்கா இவ்ளோ வெள்ளையா சட்டை போட்டுகினு கீறே?"

லீவு சொல்ல ஆள்

ஒன்பதாம் கட்டிலில் அம்மையார்குப்பத்து நெசவாளி முனிரத்தினம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி வயிற்றில் எட்டுத் தையல். பிழைத்தால் ஆடிக்கிருத்திகைக்கு மொட்டை போட்டு மலையேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளே என்னிடம் அனுமதி கேட்டார். நான் சிஸ்டரைக் கேட்கச் சொன்னேன். சிஸ்டர் டாக்டரைக் கேட்கச் சொன்னார். தையல் பிரிக்காமல் படியேறினால் வயிறு திறந்துகொள்ளும் என்றார் டாக்டர்.

முனிரத்தினம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிங்க. மூணு பேருல யாரு மலைக்குப் போயி சாமிகிட்ட எனக்கு லீவு சொல்றீங்க?"

கணக்கு சரி

காலையில் எண்ணினேன். திரும்பி வரும்போது கடைசியிலிருந்தும் ஒரு தரம் எண்ணினேன். பன்னிரண்டு. சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் கட்டிலில் மட்டும் தலை வரை போர்வை, முகம் சுவர்ப்பக்கம். சாமி கும்பிட விடாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் கட்டு மாற்ற வருவதற்குள் துணியைத் தளர்த்தி வைப்பது என் பொறுப்பு. போர்வையை விலக்கினேன். கட்டு இல்லை. தையல் இல்லை. எட்டுத் தையல் இருக்க வேண்டிய இடத்தில் கீறலே இல்லாத ஒரு தொப்பை. மேலே பார்த்தால், முந்தின நாள் கஞ்சி கொண்டுவந்த மச்சான், முனிரத்தினத்தின் மனைவிக்குத் தம்பி.

"தல எண்ணும்போது படுத்துகினு இருன்னு எங்கக்கா வூட்டுக்காரரு, பாவாதான் சொன்னாரு. எண்ணிட்டீங்க இல்ல, நான் எழுந்துக்கட்டுமா?"

கதவோரம்

நிலைமையைப் பாருங்கள். சொன்னால், அதிகாரி வருகிற நாளில் என் எண்ணிக்கை பொய்யாகிறது. சொல்லாவிட்டால், தையல் போட்ட வயிறு ஒன்று மலையேறிக்கொண்டிருக்கிறது. சிஸ்டர் அறைக்குப் போனேன். நேரே நின்று பேச எனக்கு எப்போதுமே வராது. கதவுக்குப் பின்னால் நின்று, முழுவதையும் கதவிடம் சொன்னேன். உள்ளே கத்திரிக்கோல் தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"தலைய எண்ணச் சொன்னேன், எண்ணியிருக்கே. அது யார் தலைன்னு பார்க்கச் சொல்லாதது என் தப்புதான். ஓடு தம்பி!"

பொய்கைக் கரையில்

காவடிக் கூட்டத்தோடு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரவணப் பொய்கைப் பக்கம் போனதாக வாட்ச்மேன் சொன்னான். ஓடினேன். அங்கே கண்ணுக்கெட்டிய வரை மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். சட்டையைத் தூக்கு, வயிற்றைக் காட்டு என்று யாரிடம் கேட்பது? வெட்கத்தை விட்டு "முனிரத்தினம்!" என்று கத்தினேன். நான்கு மொட்டைகள் திரும்பின. நான்கும் அவர் இல்லை.

வார்டில் நாங்கள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது நினைவு வந்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி "ஒன்பதாம் கட்டில்!" என்றேன். மலைப்படியில், நாலு படிக்கு மேல் ஏற முடியாமல் உட்கார்ந்திருந்த மொட்டை ஒன்று கையைத் தூக்கியது.

"ஆங், இங்கதான் கீறேன்! இன்னா, கஞ்சி வந்துடுச்சா?"

பதின்மூன்று

குதிரை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். மேலதிகாரி அதற்குள் வார்டில் நின்றிருந்தார். சிஸ்டர் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு தையல் அறுந்திருந்தது. மற்றவை பிடித்துக்கொண்டிருந்தன.

"இப்ப எத்தனை பேர்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். எண்ணிப் பார்த்து, "பதின்மூணு சார்" என்றேன். மச்சான் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, ஒன்பதாம் கட்டிலுக்கு வந்த ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆள் மாறினதை இவனேதான் வந்து சொன்னான் சார்" என்று என்னைக் காட்டினார் சிஸ்டர். அதிகாரி ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவன் வேலையில் இருக்கட்டும், இனிமேல் முகத்தைப் பார்த்து எண்ணட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த முனிரத்தினம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியா, மொட்டை போட்டதுக்கே இவ்ளோ தையல் நின்னுச்சு. மேல போவ வுட்டிருந்தா எட்டும் நின்னுருக்கும்."

சாயங்காலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பன்னிரண்டு பேரை எண்ணி, மச்சானை வாசல் வரை கொண்டுபோய் விட்டு வந்தபோது, எனக்கு மிஞ்சியது வேலை, முனிரத்தினத்துக்கு மிஞ்சியது தையல் ஏழு.