அக்கா மகளின் சம்பளச் சீட்டு

அக்கா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. எங்கள் ஆட்கள் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படித்த பட்டத்தையும் அச்சடிப்பார்கள். அக்கா மகள் பெயருக்குப் பின்னால் நீளமாக ஒன்று இருந்தது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங். எங்கள் வீட்டுப் பெயர்கள் அதற்குக் கீழே மொட்டையாக நின்றன.

பத்திரிகையைச் சாமி மேடையில் வைக்கவில்லை. டிவிக்குப் பின்னால் சொருகினேன்.

அக்காவும் நானும் சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அவள் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்தாள். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டோடு நின்றது. வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அவள் தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு செர்காமில் வீடு கட்டினாள். நான் செங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். இருபத்தாறு வருடமாக அதே வேலை. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார்.

அந்த வருடம் என் மகள் ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். நல்ல மார்க். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதே பயோமெடிக்கல். “அக்கா படிச்சதுதாம்மா” என்றாள், பெரியம்மா மகளைச் சொல்லி. எனக்கு வயிறு குளிர்ந்தது. பாலிடெக்னிக்கிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் டிப்ளோமா. மூன்று வருடம், கொஞ்சக் காசு. அந்தக் கடிதத்தை அடியில் வைத்தேன்.

பட்டப்படிப்புக்கு ஐந்து வருடம். அரசாங்கக் கடன் பாதிக்குத்தான் வரும். மீதிக்கு பேங்க். அதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள். “முடிச்சதும் சம்பளம் நாலாயிரம் வெள்ளியில ஆரம்பிக்கும் ஆன்ட்டி, கடனெல்லாம் தூசு” என்று சேர்க்கை ஆள் சொன்னான். நான் கடனை நினைக்கவில்லை. அக்காவிடம் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை செர்காமுக்குப் போனேன். கல்யாணப் பலகாரம் சுட நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள்.

“என்னடி, பத்திரிகை பாத்தியா? இவ பட்டம் ஒரு வரியில அடங்கல. எழுத்தைச் சின்னதாக்கவான்னு அச்சுக்காரன் கேட்டான். ரெண்டு வரியா போடுன்னுட்டேன்.” அக்கா மகளைக் காட்டிச் சொன்னாள்.

“என் மகளும் அதைத்தான் படிக்கப் போறா.”

அக்கா கை மாவில் நின்றது. “அதுக்குக் கணக்கு வரணும்டி. ஒன்னைய மாதிரி வெரலை மடக்கி எண்ணுனா ஆவாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பேனா கையில் இருந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சாயங்காலம் அக்கா மகள் தானே காடி ஓட்டி என்னை வீட்டில் விட வந்தாள். கோலாலம்பூரில் மருத்துவக் கருவி விற்கிற கம்பெனியில் வேலை. பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

“சின்னம்மா, பேங்க்ல சைன் பண்ணிட்டீங்களா?”

“திங்கக்கிழமை.”

“பண்ணாதீங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கார்டுல இன்ஜினியர்னு இருக்கும். வேலை என்னமோ மெஷினைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி விக்கிறது. எனக்குப் பக்கத்து மேசையில ஒருத்தன் பாலிடெக்னிக். அவன்தான் மெஷினைத் தொறந்து ரிப்பேர் பண்றான். எனக்கும் அவனுக்கும் முந்நூறு வெள்ளிதான் வித்தியாசம். அவன் சம்பளம் வீட்டுக்குப் போவுது. என்னோடது கடனுக்குப் போவுது.”

“நீ மேல வரமாட்டியா?”

“வருவேன்லா. இன்னும் அஞ்சாறு வருசம் ஆவும். அதுவரைக்கும் எங்கப்பா தாங்குவாரு. ஒங்களுக்கு யாரு சின்னம்மா தாங்குவா?”

என் பிள்ளை தன் பக்கத்தில் வந்து நிற்பது இவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தான் எனக்குப் பட்டது.

“ஒங்கம்மா சொல்லி விட்டாளா?”

அவள் காடியை ஒரு எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினாள். கைத்தொலைபேசியில் எதையோ தேடி என்னிடம் நீட்டினாள். அவளுடைய சம்பளச் சீட்டு. இரண்டாயிரத்து எண்ணூறு. அதில் பிடித்தம் வேறு. படிப்புக் கடன், காடிக் கடன், அறை வாடகை எல்லாம் போக என்ன நிற்கும் என்று அவளே சொன்னாள். ராத்திரி ஷிப்டும் ஓ.டி.யும் சேர்ந்த மாதம் என் சம்பளம் அந்த இரண்டாயிரத்து எண்ணூறுக்குப் பக்கத்தில் வரும்.

“அம்மாகிட்ட நாலாயிரம்னு சொல்லி வச்சிருக்கேன். சொல்லிடாதீங்க.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் இரண்டு வரிப் பட்டம் என் கண்முன்னால் கிழிந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். களைத்திருந்தாள். அவளைச் சின்னக் குழந்தையாக நான் தூக்கி வைத்திருக்கிறேன்.

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். “கையெழுத்துப் போடல. பாலிடெக்னிக்குக்குப் போ.”

அவள் வெடித்தாள். “அக்காவுக்கு மட்டும் பெரியம்மா செய்யலயா? என்னால முடியாதுன்னு நெனைக்கிறீங்களா?”

சம்பளச் சீட்டைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் அடங்கியிருப்பாள். வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் என் கதையைச் சொன்னேன்.

“ஒன்னால முடியும். ஒங்க பெரியம்மா மேல எனக்குப் பொறாமை. அதுக்குத்தான் ஒன்னைய அனுப்பப் பாத்தேன். கடன் ஒன் தலையில விழும். நீ எதுக்கு அதைக் கேட்ட?”

அவள் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா வந்தா எல்லாரும் எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க. நான் போனா தண்ணி கொண்டு வரச் சொல்றாங்க.”

இருவருக்கும் ஒரே வியாதி. பிறகு அவளே தாள் எடுத்தாள். ஐந்து வருடப் படிப்பு, மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை, டிப்ளோமா முடித்தால் இரண்டு வருடம் முன்னாலேயே வரும் சம்பளம். நான் விரல் மடக்கி எண்ணினேன். அவள் எழுதினாள். “வேலை செஞ்சுகிட்டே பின்னால டிகிரி படிக்கலாம்மா” என்றாள். குரல் செத்திருந்தது. ஆனால் பாலிடெக்னிக் பாரத்தை அவளே நிரப்பினாள்.

செய்தி செர்காமுக்குப் போய்விட்டது. அக்கா போன் செய்தாள்.

“டிப்ளோமாதானாமே? பரவால்லடி. எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சுருமா? என் மகளைப் பாரு, நாலாயிரம் வாங்குறா.”

நாக்கு நுனியில் இருந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு. ஒரு வார்த்தை போதும். என் மகள் எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல சம்பளம்க்கா” என்றேன்.

வாய் கசந்தது. போனை வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.